மானுக்கு ஒன்று, கொயோட்டிக்கு ஒன்று

நெப்ராஸ்கா மாநிலத்தின் கிராண்ட் ஐலண்ட் நகரில் இருந்து வடமேற்கே போகும் இரண்டாம் எண் நெடுஞ்சாலையில், புரோக்கன் போ என்ற ஊர் வரைக்கும் மக்காச்சோளக் காடுதான். அதைத் தாண்டியதும் விவசாயம் மெல்ல விலகிக்கொள்கிறது. மேலே புல், அடியில் மணல். சேண்ட்ஹில்ஸ் என்று பெயர். காற்று குவித்த மணற்குன்றுகளின் மேல் புல் வேர்பிடித்து அவற்றை அசையவிடாமல் நிறுத்தியிருக்கிறது. சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். உழுதால் மணல் கிளம்பிவிடும் என்பதால் மாடு வளர்ப்பதைத் தவிர இங்கே பெரிதாக எதுவும் செய்ய முடியாது. சாலைக்கு இணையாக ஓடும் தண்டவாளத்தில் வயோமிங் நிலக்கரியோடு சரக்கு ரயில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெட்டிகளை எண்ண ஆரம்பித்த என் தம்பி பாதியில் விட்டுவிட்டான்.

நவம்பர் நடுவில் இந்தப் பக்கம் போனால் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக்கடை, மளிகைக்கடை எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுச் சட்டை. ரைஃபிள் மான் சீசன் ஒன்பது நாள். அந்த நாட்களில் வேட்டைக்குப் போகிறவர் தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்து 400 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு அணிய வேண்டும் என்பது மாநில விதி. மானின் கண் அந்த நிறத்தைப் பிரித்து அறியாது. இன்னொரு வேட்டைக்காரரின் கண்ணில் பட்டால் போதும்.

தம்பி என்றது சித்தி மகனை. விருதுநகர்க்காரன், ஓமஹாவில் கம்ப்யூட்டர் வேலை. குடியுரிமை கிடைத்த பிறகு ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தான், பழைய .243 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்றும் வாங்கினான். சித்திக்கு இன்னும் தெரியாது. நண்பர் ஒருவரின் மாமாவுக்கு மல்லென் ஊருக்குத் தெற்கே மாட்டுப் பண்ணை. அங்கே மான் வேட்டையாட அனுமதி கிடைத்தது. பணம் வேண்டாம் என்றவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மான் உனக்கு, கொயோட்டி கண்ணில் பட்டால் அதை எனக்காகச் சுட வேண்டும். கொயோட்டி என்பது நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட காட்டுப் பிராணி.

நான் வேடிக்கை பார்க்கப் போனவன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்துவிட்ட நாட்டில் வளர்ந்தவனுக்கு வேட்டை என்றால் கென்னத் ஆண்டர்சன் புத்தகம்தான். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 300 கிரெய்ன் எடையுள்ள ஈயக்குண்டை வீசும் பழைய பீரங்கி. அதைப் படித்த பழக்கத்தில், பெரிய துப்பாக்கி என்றால் நல்ல துப்பாக்கி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சேண்ட்ஹில்ஸில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. துப்பாக்கியைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. அதற்குள் என்ன போடப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

புரோக்கன் போவில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். முள்கம்பி, மாட்டு மருந்து, ரப்பர் பூட்ஸ், கடைசி வரிசையில் தோட்டா. அலமாரி நிறைய எண்கள். .223, .22-250, .243, .270, .308, .30-06, 1895-ல் வந்து இன்றைக்கும் விற்கிற .30-30, 2007-ல் வந்து எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்ட 6.5 க்ரீட்மூர். பெட்டிக்கு 20 தோட்டா. சில பெட்டிகளில் கொம்புள்ள மான் படம், சிலவற்றில் கொயோட்டி படம். ஒரே .243-க்கு இரண்டு படத்திலும் பெட்டி இருந்ததால் தம்பி தயங்கி நின்றான். மான் படம் போட்டது 100 கிரெய்ன். கொயோட்டி படம் போட்டது 58 கிரெய்ன்.

கிரெய்ன் என்பது பழைய எடை. 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. 100 கிரெய்ன் குண்டு ஆறரை கிராம்; ஒரு சவரன் மோதிரத்தைவிடக் குறைவு. 58 கிரெய்ன் அரைச் சவரனுக்கும் கீழே. பித்தளைக் குப்பி, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், முனையில் குண்டு: நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. வேட்டைக்காரர்களின் வாக்குவாதம் முழுக்க அந்த நாலாவது பொருளைப் பற்றியது.

கல்லாவில் இருந்த அம்மாள் தம்பியைப் பார்த்து, “எதைச் சுடப் போறீங்க?” என்று கேட்டார். சொன்னான். “கறி வேணுமா, தோல் வேணுமா?” அடுத்த கேள்வி. மானில் கறி, கொயோட்டி விஷயத்தில் பண்ணைக்காரர் சொன்னபடி என்றான். “அப்ப ரெண்டு பெட்டியும் வாங்குங்க. மாத்திப் போட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. காசுக் கணக்கு இல்லை, கம்ப்யூட்டர்காரன் கணக்கு. வண்டியில் ஏறியதும் போனை எடுத்துக் காட்டினான். “அண்ணே, நெப்ராஸ்கா சட்டப்படி மானைச் சுடுற குண்டு 100 கெஜத்துல 900 அடி-பவுண்டு ஆற்றலோட இருக்கணும். ஆற்றலுக்கு அவ்வளவுதான் விதி. இந்த 100 கிரெய்ன் அங்க போறப்போ 1,600 இருக்கு. 58 கிரெய்ன் எடை கம்மிதான், ஆனா விநாடிக்கு 3,750 அடி வேகத்துல கிளம்புது. அதுவும் 1,400 காட்டுது. ரெண்டுமே பாஸ். அப்புறம் எதுக்கு ரெண்டு?”

கணக்கு சரிதான். பக்கத்து மாநிலமான கொலராடோ இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்திருக்கிறது. அங்கே மானுக்கு .24 காலிபருக்கு (குழலின் குறுக்களவு, அங்குலத்தில்) குறைந்த ரைஃபிள் கூடாது. விரிந்து திறக்கும் குண்டாக, குறைந்தது 70 கிரெய்ன் இருக்க வேண்டும். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு வேண்டும். 58 கிரெய்ன் அங்கே தேறாது. நெப்ராஸ்காவில் தேறிவிடும். சட்டத்தில் தேறும் குண்டு மானிடம் தேறுமா என்பதற்குப் பதில் போனில் இல்லை, பண்ணைக்காரர் வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய புகையிலை டப்பாவில் இருந்தது.

மல்லெனுக்கு முன்பே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. தெட்ஃபோர்டு ஊர் மத்திய நேரம், அடுத்த கவுண்டியான ஹூக்கரில் மலை நேரம். அந்தக் கவுண்டிக்கே ஊர் என்று இருப்பது மல்லென் ஒன்றுதான். சுமார் 500 பேர். சூரியன் உதிக்க அரைமணி நேரத்துக்கு முன்பிருந்து மறைந்து அரைமணி நேரம் கழியும் வரை சுடலாம் என்பது வேட்டை விதி. கடிகாரம் நம்மைக் குழப்பலாம், விதி சூரியனோடு போகிறது.

பண்ணைக்காரருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கைகுலுக்கியதும் காபி, காபி முடிந்ததும் டப்பா. மேசைத் துணிமேல் கவிழ்த்தார். நீளவாக்கில் இரண்டாக அறுத்த குண்டுகள். ஒவ்வொன்றையும் மெழுகில் பதித்து அரத்தால் ராவி, பிறகு மெழுகை உருக்கி எடுத்ததாம். குளிர்காலத்தில் வேறு வேலை இல்லை என்றார்.

முதலில் காட்டியது 58 கிரெய்ன். சிவப்பு பிளாஸ்டிக் முனை, அதற்குக் கீழே சிறு பொந்து. செம்பு உறை மூக்குப் பக்கம் காகிதம்போல் மெலிந்து, உள்ளே மென்மையான ஈயம். விநாடிக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட அடி வேகத்தில் இது எதில் பட்டாலும் அந்தப் பிளாஸ்டிக் பின்னால் அழுத்தப்பட்டு ஈயத்தைப் பிளந்துவிடும். இரண்டு மூன்று அங்குலத்துக்குள் குண்டு தூளாகிவிடும். கொயோட்டியின் மார்பு குறுகலானது. பத்திலிருந்து இருபது கிலோ எடையுள்ள பிராணி. உள்ளே போனது உள்ளேயே உடைந்து நின்றுவிடுவதால் அந்த இடத்திலேயே விழும். தோலில் நுழைந்த ஓட்டை மட்டும், வெளியேறிய ஓட்டை பெரும்பாலும் இருக்காது. தோல் வியாபாரிக்கு வேண்டியதும் அதுதான்.

“இதை எண்பது கிலோ மானோட தோள்பட்டையில அடிச்சா?” என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். எலும்பில் பட்ட இடத்திலேயே உடைந்துவிடும். கையகலத்துக்குச் சதை நைந்து போகும், நுரையீரல் வரைக்கும் எட்டாது. மான் ஓடிவிடும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஏதாவது புதருக்குள் சாகும். “உங்க போன்ல இருக்கிற 1,400 பொய் இல்லை. அது எந்த ஆழத்துல செலவாகுதுன்னு போன் சொல்லாது.”

தம்பி போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

அடுத்து 100 கிரெய்ன். உறை தடிமன், கீழே போகப் போக இன்னும் தடிமன். உள்சுவரில் ஒரு வளையம் புடைத்து ஈயத்தைக் கவ்விப் பிடித்திருக்கிறது. முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரிகிறது. இது தூளாகாது, முன்பாதி காளான்போல் விரியும், பின்பாதி அதைத் தள்ளிக்கொண்டு போகும். நுரையீரல் இரண்டையும் துளைத்து மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பதற்காகவே செய்தது. வெளியேறும் ஓட்டையால் என்ன லாபம் என்று கேட்டேன். புல்லில் ரத்தத் தடம் விழும், ஓடிய மானைத் தேடிப் பிடிக்கலாம். கொயோட்டியில் வேண்டாத ஓட்டை மானில் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது துண்டில் ஈயம் இரண்டு அறைகளில் இருந்தது, நடுவில் செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர். ஜான் நோஸ்லர் என்பவரின் கைவேலை. 1946-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். மேலெல்லாம் சேறு காய்ந்து அப்பியிருந்த அந்த மானுக்குள் குண்டுகள் ஆழப் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, முன்னறை உடைந்தாலும் பின்னறை உடையாத குண்டைச் செய்தார். 1948 முதல் விற்பனை. எண்பது வருடமாகப் போகிறது, அந்த அமைப்பு மாறவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். வேட்டையில் இரக்கம் என்று ஒன்று இருந்தால் அது குறிபார்க்கும் நேரத்தில் வருவதில்லை. அந்த நேரத்தில் மூச்சும் விரலும்தான் வேலை செய்கின்றன. மிருகம் எத்தனை விநாடியில் சாக வேண்டும் என்ற முடிவு கடை அலமாரிக்கு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது. வேட்டையை ஏற்காதவன் என்ற முறையில் எனக்கு இது சங்கடமான கண்டுபிடிப்பு. அந்த மேசையில் மானின் சாவைப் பற்றி எங்கள் மூவரில் அதிகம் யோசித்திருந்தவர் அந்தக் கிழவர்தான்.

சமையலறை மூலையில் ஒரு பழைய ரைஃபிள் சாய்ந்திருந்தது. அவர் அப்பாவுடையது, .244 ரெமிங்டன். அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் .243-இன் கதை பாதிதான்.

1955-ல் இரண்டு கம்பெனிகள் ஒரே யோசனையோடு வந்தன. மானுக்கும் ஆகும், சிறுபிராணிக்கும் ஆகும்படி ஆறு மில்லிமீட்டர் குண்டு. வின்செஸ்டர் தன்னுடைய .308 குப்பியின் கழுத்தைச் சுருக்கி .243 என்று கொண்டுவந்தது. கூடவே 80, 100 என்று இரண்டு எடைகள். ரெமிங்டன் .244-ஐ விட்டது; 75, 90 என்று இரண்டு எடைகள். குண்டின் குறுக்களவு இரண்டிலும் ஒன்றே. குப்பியில் ரெமிங்டனுக்கு மருந்து கொஞ்சம் கூடவே பிடிக்கும். ஆனாலும் ஜெயித்தது வின்செஸ்டர். காரணம் குழலின் முறுக்கு.

துப்பாக்கிக் குழலின் உட்புறம் திருகாக வரிகள் வெட்டியிருப்பார்கள். குண்டு அதில் உரசிச் சுழன்று வெளியே வரும். சுழற்சி இருந்தால்தான் தலைகுப்புறப் புரளாமல் நேராகப் போகும். குண்டு நீளமாக ஆக, வேகமான சுழற்சி வேண்டும். வின்செஸ்டர் குழலில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரெமிங்டனில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்று. சிறுபிராணி வேட்டைக்காரர்களை மனதில் வைத்த கணக்கு அது, லேசான குண்டுக்கு அந்தச் சுற்று பிரமாதம். ஆனால் மானுக்கு 100 கிரெய்ன் கூர்முனைக் குண்டு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்தக் குழலை நம்ப முடியவில்லை. 1963-ல் ரெமிங்டன் அதே தோட்டாவுக்கு 6 மி.மீ. ரெமிங்டன் என்று புதுப்பெயர் வைத்து, குழலில் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்றாக்கி மறுபடியும் இறக்கியது. அதற்குள் சந்தை .243 பக்கம் போய்விட்டது. மான், கொயோட்டி இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்ற ஆசை இரண்டு அங்குல முறுக்கில் ஜெயித்தது, தோற்றது.

“அப்பாவுக்கு இதுல ஒரு வருத்தமும் இல்லை. மானுக்கு அவர் .30-30 வச்சிருந்தார். இது கொயோட்டிக்கு” என்றார் கிழவர். பழைய குறித்தாள் ஒன்றையும் காட்டினார். லேசான குண்டுகள் விழுந்த இடத்தில் வட்ட ஓட்டைகள், நெருக்கமாக. யாரோ நீளமான கனத்த குண்டைப் போட்டுப் பார்த்த இடத்தில் ஓட்டை சாவித்துவாரம்போல் நீண்டிருந்தது. குண்டு பக்கவாட்டில் திரும்பிப் போயிருக்கிறது.

மறுநாள் மதியம் குறி சரிபார்த்தார்கள். மணற்குன்றின் சரிவில் தாள் ஒட்டி, 100 கெஜம் அளந்து, தம்பி படுத்துக்கொண்டு சுட்டான். 100 கிரெய்னுக்கு ஸ்கோப்பைத் திருகி நடுவில் கொண்டுவந்தான். அதே துப்பாக்கி, அதே ஸ்கோப், அதே காற்று. 58 கிரெய்ன் போட்டதும் ஓட்டைகள் மேலே ஏறி, வலப்புறமும் கொஞ்சம் தள்ளி விழுந்தன. வேகம் வேறு, உதைக்கும் விதம் வேறு, குழல் அதிரும் விதமும் வேறு. பண்ணைக்காரர் இதை எதிர்பார்த்தவர்போல் ஒரு துண்டு மறைப்பு நாடாவை எடுத்து, எந்தக் குண்டு எவ்வளவு தள்ளி விழுகிறது என்று எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவிட்டார். மானின் நெஞ்சில் குறியிட வேண்டிய இடம் எட்டு அங்குலம் அகலம் இருக்கும். இரண்டு அங்குலம் தவறினாலும் மன்னிக்கும். கொயோட்டிக்கு அது நாலு அங்குலம்கூடத் தேறாது.

சேண்ட்ஹில்ஸ் காற்றைப் பற்றி ஒரு வரி. அது நிற்பதில்லை. 300 கெஜத்தில் குண்டு எவ்வளவு இறங்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்குப் புல்லைத்தான் பார்க்க வேண்டும். 200 கெஜத்துக்கு மேல் சுடாதே என்று கிழவர் தடுத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தை பாதி அட்டவணையைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது.

மான் டிஸ்மல் ஆற்றங்கரையில் கிடைத்தது. பெயர்தான் சோகம், ஆறு தெளிவானது. மணலுக்கு அடியில் இருக்கும் ஓகலாலா நிலத்தடி நீர் ஊற்றாகப் பொங்கி அதில் சேர்கிறது. கரையோரம் சீடர் மரங்கள். வெள்ளைவால் ஆண் மான் ஒன்று, சூரியன் ஏறிய சற்று நேரத்தில், பக்கவாட்டில் நின்றது. தூரம் 140 கெஜம். தம்பி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்தான். சத்தம் கேட்டதும் மான் முதுகை வளைத்து, ஓடி, நாற்பது ஐம்பது அடி தள்ளி விழுந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அசைவில்லை. தம்பி கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு பெர்மிட்டை எடுத்துத் தேதியைக் குறித்தான்.

வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்யும்போது கிழவர் குனிந்து காட்டினார். நுழைந்த இடத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை. உள்ளே இரண்டு நுரையீரலும் கூழ். மறுபக்கம் ஓட்டை ஒரு ரூபாய் நாணயம் அளவு, சுற்றிலும் ரத்தம் கட்டிய சதை. அந்தச் சதையைக் கையகலத்துக்கு வெட்டி எறிந்தார். “இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டுங்க” என்றான் தம்பி. அவன் படித்திருக்கிறான்.

2008-ல் வட டகோட்டாவில் ஒரு மருத்துவர் தானமாக வந்த மானிறைச்சிப் பொட்டலங்களை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க, அரைத்த கறிக்குள் பொடிப்பொடியாக ஈயம் இருந்தது. ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் மையங்களில் இருந்த மானிறைச்சியைக் கொடுக்க வேண்டாம் என்று மாநில சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. நன்றாக விரியும் ஈயக்குண்டு போகிற வழியெல்லாம் துணுக்குகளை உதிர்த்துக்கொண்டேதான் போகிறது. பல துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் படாது. கலிஃபோர்னியாவில் இந்தப் பிரச்சினை கழுகு வழியாக வந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலைத் தின்று காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சில் செத்தன. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது.

மாற்று, முழுச் செம்புக் குண்டு. டப்பாவில் அதுவும் ஒன்று இருந்தது: ஈயமே இல்லாத ஒரே உலோகம், மூக்கில் குழி, பட்டதும் நாலு இதழாக விரியும், உதிராது. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்கு நீளம் கூடும். நீளம் கூடினால் முறுக்கு போதுமா என்ற பழைய கேள்வி திரும்பி வரும். அதனால் .243-இல் செம்பு என்றால் 80, 85 கிரெய்னோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எடை குறைந்தாலும் உடையாமல் துளைத்துப்போவதால் மானுக்குப் போதும். விலை அதிகம், மெதுவாகப் பட்டால் சரியாக விரியாது, இதெல்லாம் கிழவரின் ஆட்சேபம். வீட்டில் குழந்தை இருக்கிறவன் அந்த விலையைக் கொடுப்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். சொன்னேன். தம்பிக்கு மூன்று வயதில் பெண்.

மானைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். நவம்பர் ரைஃபிள் சீசனில் அது கட்டாயம். மானின் மூளையைப் பஞ்சாக அரிக்கும் நோய் ஒன்று அமெரிக்கா முழுக்கப் பரவி வருகிறது. 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தெரிந்தது, நெப்ராஸ்காவுக்கு 2000-ல் வந்தது. சில மான்களின் கழுத்திலிருந்து நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். சீல் போட்ட பெண்ணிடம் இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். “இவங்கதான்” என்று வரிசையைக் காட்டினார். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் கலால் வரி. அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. தம்பி வாங்கிய இரண்டு பெட்டியிலும் அது சேர்ந்திருக்கிறது.

இனி கொயோட்டி.

கிழவர் உதட்டில் ஒரு சிறிய மரக்குழலை வைத்து ஊதினார். அடிபட்ட முயல் அலறுவதுபோல் காது கூசும் சத்தம். குன்றின் நிழலில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தம்பி 58 கிரெய்னை ஏற்றி, ஒட்டியிருந்த நாடாவை இரண்டு தடவை படித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சரிவில் ஒன்று வந்தது. சாம்பல் பழுப்பு, அடர்ந்த வால், நின்று நின்று மோப்பம் பிடித்தபடி. 150 கெஜத்தில், சரிவின் உச்சியில் நின்றுவிட்டது. தம்பி ஸ்கோப்புக்குள் கண்ணை வைத்தான்.

“வேண்டாம்” என்றார் கிழவர். “பின்னாடி பாரு.”

கொயோட்டிக்குப் பின்னால், குன்றின் விளிம்புக்கு மேலே, கறுப்பு மாடுகளின் முதுகு தெரிந்தது. லேசான குண்டு தரையில் பட்டால் சிதறிவிடும், கல்லில் மோதித் திசை மாறிப் பறப்பது கனமான குண்டைவிடக் குறைவு. மேய்ச்சல் நிலத்தில் அவர் அதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தரையே இல்லாமல் வானத்தோடு சேர்ந்து நிற்கும் பிராணியைத் தவறவிட்டால் எந்தக் குண்டானாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். கொயோட்டி எங்களைப் பார்த்ததா, வாடை பிடித்ததா தெரியவில்லை. திரும்பி அவசரமில்லாமல் போய்விட்டது. எனக்கு உள்ளூர சந்தோஷம். காட்டிக்கொள்ளவில்லை.

இரவு சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டேன்: இதைச் சுட்டு என்ன பிரயோஜனம்? நூறு வருடத்துக்கு மேலாக விஷம், பொறி, துப்பாக்கி, விமானம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கூட்டாட்சி நிலங்களில் விஷம் வைப்பதை அதிபர் நிக்சன் 1972-ல் நிறுத்தினார். நம் வனவிலங்குச் சட்டம் வந்த அதே வருடம். அதற்கு முன்பும் பின்பும் கொயோட்டி பரவிக்கொண்டேதான் போனது. மேற்குச் சமவெளிப் பிராணி இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. கூட்டத்தில் சில செத்தால் மிச்சமிருப்பவை கூடுதல் குட்டி போடுகின்றன. 1975-ல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் போட்ட கணிப்பில், வருடாவருடம் நாலில் மூன்று பங்கைக் கொன்றாலும் கொயோட்டி ஒழிய ஐம்பது வருடம் ஆகும் என்று வந்தது.

கிழவர் மறுக்கவில்லை. “ஒழிக்கணும்னு யார் சொன்னது? மார்ச்சில கன்னு போடுற மாடு பக்கத்துல அந்த வாரம் சுத்துற ஒண்ணு ரெண்டு போதும். மத்ததெல்லாம் எலி பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்.” தோலுக்கும் இப்போது விலையில்லை என்றார். குளிர்கோட்டின் தலைமூடி விளிம்பில் கொயோட்டி ரோமம் வைத்துத் தைத்த பெரிய கம்பெனி 2021-ல் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. தோல் ஏலம் படுத்துவிட்டது. ஓட்டை இல்லாத தோலுக்காக லேசான குண்டு என்ற பழைய நியாயம் பாதி போய்விட்டது. மாடுகளுக்கு நடுவே ஆபத்தில்லாத குண்டு, பட்டால் இழுபடாமல் விழவைக்கும் குண்டு என்ற நியாயம் மிச்சமிருக்கிறது. அவருக்கு அது போதுமாம்.

கிளம்பும்போது தம்பி மிச்சமிருந்த 58 கிரெய்ன் பெட்டியை மேசைமேல் வைத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். கிழவர் சிரித்துத் திருப்பித் தள்ளினார். மூலையில் நின்ற .244-க்கும் தம்பியின் .243-க்கும் குண்டு ஒரே அளவுதான், குப்பி வேறு. ஒன்றுக்கானதை இன்னொன்றில் போடக்கூடாது. அவர் தன் தோட்டாக்களைக் கொட்டகையில் தானே நிரப்பிக்கொள்கிறார். காலிக் குப்பிகளைப் பொறுக்கி, ப்ரைமர் மாற்றி, மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு. கடைகளில் .244 கிடைப்பது அபூர்வம்.

“மார்ச்சில வா, அதையும் கொண்டு வா” என்றார். “வர்றப்போ அந்தச் செம்புக் குண்டும் ஒரு பெட்டி. நான் சும்மா ஒண்ணை அறுத்துப் பார்க்கணும், இப்ப எப்படிச் செய்றான்னு.”